வன்னியின் உதைபந்தாட்டமும் இரசிகர் மனப்பான்மையும்

"திறமையுள்ளவன் எங்கே பிறந்தாலும் மேலே வந்தே தீருவான்" என்னும் கருத்து வன்னிப் பெருநிலப்பரப்பில் ஏறத்தாழ ஒரு சமய நம்பிக்கையாகவே நிலைபெற்றுவிட்டது. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரையும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரையும், மாலையில் மைதானம் கலைந்தபின் தேநீர்க் கடைகளிலும் வாசிகசாலைத் திண்ணைகளிலும் நடைபெறும் விவாதங்களில் இக்கருத்து ஒலிக்காத நாளில்லை. பாடசாலை அணியில் நன்றாக ஆடும் ஒருவனைச் சுட்டி, இவன் கொழும்புக் கழகத்துக்குப் போவானா, தேசிய அணிக்குப் போவானா, வெளிநாடு போவானா என்று இரசிகர்கள் மணிக்கணக்காக வாதிடுகின்றனர். அவன் போகாது நின்றுவிட்டால், 'விதி' அல்லது 'அரசியல்' என்ற இரண்டிலொரு சொல்லோடு விவாதம் முடிகிறது. அடுத்த ஆண்டு வேறொரு பெயர், விவாதம் அதுவே.

இதனைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. ஒரு சமூகம் எதனைப் பற்றி ஓயாது பேசுகின்றதோ அதற்கே தன் பணத்தையும் உழைப்பையும் கொடுக்கின்றது. வன்னியில் இரசிகர் பேச்சு ஏணியின் உச்சிப்படியில் தொடங்கி உச்சிப்படியிலேயே முடிகின்றது. ஏணி உண்டா என்ற வினா அங்கு எழுவதேயில்லை. அவ்வினா எழாதவரை, ஆண்டுதோறும் பதினெட்டு வயதில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்கும் கடலுக்கும் கொத்துவேலைக்கும் செல்லும் இளைஞர்களின் கணக்கை எவரும் எடுக்கப்போவதில்லை.

திறமைவாதிகள் காட்டும் சான்றுகளை முதலில் நோக்குதல் தகும். விமல் யோகநாதன் அவற்றுள் தலையாயவர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்சில் பிறந்த இவ்விளைஞர், பார்ன்ஸ்லி கழகத்துக்காக ஆடி, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதற் தமிழர் என்று 2024இல் கொண்டாடப்பட்டார். அவர் படம் வன்னியின் கைபேசிகளிலெல்லாம் உலவியது. "பார், தமிழன் போய்விட்டான்" என்பதே அப்படத்தின் கீழ் எழுந்த குரல். போனது உண்மை. எந்த வழியாகப் போனார்? சிறுவயதிலேயே லிவர்பூல் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் இடம்பெற்றார். வயதுக்கேற்ற அணி, பயிற்சி பெற்ற பயிற்றுநர், ஒழுங்காக வரும் போட்டிகள், உடலைப் பார்க்க மருத்துவர், பதின்ம வயதிலேயே ஒப்பந்தம் எனப் படிப்படியாக அமைந்த ஏணியொன்று அவர் காலடியில் இருந்தது. அவர் திறமை அந்த ஏணியில் ஏறியது. அதே பிள்ளை விசுவமடுவில் பிறந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்ற வினாவை மட்டும் இரசிகர்கள் கேட்பதில்லை. அவரைக் கொண்டு வன்னிச் சிறுவனுக்கு நம்பிக்கை ஊட்டுவது, அடுத்த வீட்டுக் கிணற்றைக் காட்டித் தாகந் தீர்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாஞ் சான்று துடுப்பாட்டத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசெம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக முதன்முதலில் ஆடினார். 2024 மே மாதத்தில் ஐதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் களமிறங்கினார். பெருமைப்படத்தக்க செய்தி, ஐயமில்லை. ஆயினும் மத்திய கல்லூரி 1816ஆம் ஆண்டிலே தோன்றியது. சென். ஜோன்ஸ் கல்லூரியுடன் அது ஆடும் பெரும்போட்டி நூறாண்டைக் கடந்த மரபு. அம்மரபிற் பயிற்றுநரும் பழைய மாணவரும் ஆடுகளமும் ஆண்டுப் போட்டி அட்டவணையும் அடங்கும். வியாஸ்காந்தின் விரல்களுக்குப் பின்னால் அத்தனையும் நின்றன. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அவ்வணி 2020, 2021, 2022 ஆகிய மூன்றாண்டுகளும் 2024இலும் கிண்ணத்தை வென்றது. எனினும் அந்த ஐந்து பருவங்களில் ஒரு போட்டியேனும் வடக்கு மண்ணில் ஆடப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் வடக்கினுடையது, புற்றரை தெற்கினுடையது. யாழ்ப்பாணத்துக்கே இந்நிலையென்றால் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் உரிய நிலை எது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு சான்று உண்டு. அது உண்மையிலேயே வன்னியினுடையது. அதனாலேயே அது மதிப்போடு ஆராயத்தக்கது. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் அம்மையார், எழுபது வயதைக் கடந்த நிலையில், 2023இல் பிலிப்பைன்சில் நடைபெற்ற மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்கள் வென்றார். இதைவிடத் தெளிவான சான்று வேறேது என்பர். ஆனால் ஓட்டமும் நடையும் தனியொருவர் மனவுறுதியால் காலையில் ஒரு வீதியில் தொடங்கிவிடக் கூடியவை. அணி ஆட்டம் அத்தகையதன்று. பதினொருவரும் எதிரே பதினொருவரும் ஒரு நடுவரும் ஒரு பருவகால அட்டவணையும் இல்லாமல் உதைபந்தாட்ட வீரன் ஒருவன் உருவாகவே முடியாது. குறிப்பாகப் பின்கள வீரன் உருவாக முடியாது.

பின்கள வீரனைப் பற்றி இங்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் இரசிகர் விவாதத்தில் அவன் பெயர் அடிபடுவது மிக அரிது. கோல் அடிப்பவனை எல்லோருக்கும் தெரியும். ஒரே சுற்றுப்போட்டியில் நான்கு கோல்கள் போட்டவனை அடுத்த மாவட்டத்துக் கழகமும் தேடி வரும். பின்கள வீரனின் சிறந்த வேலையோ நடைபெறாத கோலாக இருக்கின்றது. எதிரணியின் முன்கள வீரனுக்குப் பந்து வரவிருந்த இடத்தில் முன்கூட்டியே சென்று நிற்பதும், பக்கத்துத் தோழன் முன்னேறும்போது அவன் விட்ட வெளியைச் சத்தமின்றி மூடுவதும், நால்வரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்போல் ஒருமித்து முன்வந்து எதிரியை 'ஓவ்சைட்' நிலைக்குள் தள்ளுவதும் அவன் கலை. இக்கலை காலின் வேகத்தால் மட்டும் வருவதன்று. ஒரே தோழர்களோடு, ஒரே பயிற்றுநரின்கீழ், வெவ்வேறு எதிரணிகளைச் சந்தித்துத் தவறிழைத்து, அடுத்த கிழமை அத்தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பினால் வருவது. ஓவ்சைட் விதி 1925இல் மாற்றப்பட்டபோது இங்கிலாந்தின் பின்களங்களெல்லாம் தடுமாறின. ஆர்சனல் கழகத்தின் ஹேர்பேர்ட் சப்மன் நடுக்கள வீரரைப் பின்னே இழுத்து மூன்றாம் பின்கள வீரராக நிறுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒழுங்கான லீக் போட்டிகளில் கிழமைதோறும் சோதித்துப் பார்க்கும் வசதி இருந்தபடியாலேயே அது கைகூடிற்று.

வன்னியின் நிலை யாது? இங்கு ஆடப்படும் போட்டிகளிற் பெரும்பகுதி ஞாபகார்த்தக் கிண்ணங்களுக்கான விலகல்முறைச் சுற்றுப்போட்டிகள். கழகமொன்று தன் ஆண்டு விழாவையோ மறைந்த உறுப்பினர் ஒருவரின் நினைவையோ முன்னிட்டு நடத்துவது; அணிக்கு ஏழுபேர் அல்லது ஒன்பதுபேர்; ஆட்டநேரம் சுருக்கப்பட்டது; சமநிலையாயின் தண்ட உதை. கணக்கைப் பார்த்தால் உண்மை புலப்படும். 32 அணிகள் பங்குபற்றும் விலகல்முறைப் போட்டியில் 16 அணிகள் ஒரேயொரு ஆட்டத்தோடு வீடு திரும்புகின்றன. மேலும் 8 அணிகள் இரண்டு ஆட்டங்களோடு திரும்புகின்றன. அதாவது பங்குபற்றியவருள் முக்காற் பங்கினர் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடுவதில்லை. பன்னிரண்டு அணிகள் கொண்ட லீக்கிலோ கடைசி இடத்தில் நிற்கும் அணிகூட, உள்ளூரும் வெளியூருமாக, 22 ஆட்டங்கள் ஆடும். பாடசாலைப் போட்டிகளும் வலயம், மாகாணம், தேசியம் எனச் சில கிழமைகளுக்குள் முடிந்துவிடுபவையே. இத்தகைய அமைப்பில் முன்கள வீரன் ஒருவன் மின்னலாகத் தோன்றக்கூடும். பின்கள வீரன் தோன்ற மாட்டான். ஏழுபேர் ஆடும் சிறு மைதானத்தில், ஓவ்சைட் விதி பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்படும் ஆட்டத்தில், பத்தாண்டு ஆடிய ஒருவன் கொழும்பில் பதினொருவர் அணித் தெரிவுக்குச் சென்று நின்றால், முதற் பத்து நிமிடத்திலேயே அவன் இடந்தவறி நிற்பது தெரிந்துவிடுகின்றது. திரும்பி வந்தவனைப் பார்த்து இரசிகர்கள் 'அரசியல்' என்கின்றனர். அரசியல் இருக்கலாம். ஆனால் அவனை இடந்தவறி நிற்கப் பழக்கியது ஊர்ப் போட்டிகள்தாம்.

இனி, ஏணியின் மேற்படிகளைக் காண்போர் அங்கும் வெறுமையையே காண்பர். இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக் என்று அறிவிக்கப்பட்ட சுப்பர் லீக் 2021இல் தொடங்கியது. அதில் இடம்பெற்ற பத்துக் கழகங்களுள் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றுமில்லை. கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி ஆகிய இடங்களின் கழகங்கள் ஏழு. எஞ்சிய மூன்றும் முப்படைகளுக்குரியவை: தரைப்படையின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். (தரைப்படையின் கழகத்துக்குத் 'தற்காப்போர்' என்று பொருள்படும் பெயர் வாய்த்திருப்பதை வன்னிப் பின்கள வீரன் எவ்வாறு பொருள்கொள்வான் என்பது ஒருபுறமிருக்க.) முதற் பருவத்துக்குப் பின்னர் அந்த லீக்கும் தொடர்ந்து வேரூன்றவில்லை. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையையே இடைநிறுத்தி, அவ்வாண்டு ஓகஸ்டிலேதான் தடையை நீக்கியது. இவ்வாறு கூரையே ஒழுகும் வீட்டில் வன்னிக்கு ஓர் அறை கேட்பது வேறு பேச்சு.

படைக் கழகங்களைப் பற்றி எழும் வினா இலேசானதன்று. தெற்கின் வறிய கிராமத்து இளைஞனுக்குப் படைக் கழகம் ஓர் ஏணி. மாதச் சம்பளமும் உணவும் மைதானமும் பயிற்றுநரும் ஓய்வூதியமும் ஒருங்கே கிடைக்கும் இடம் அது. விளையாட்டைத் தொழிலாக்கிக்கொள்ள நாட்டில் உள்ள மிக உறுதியான வழி அதுவே எனினும் தவறாகாது. அந்த வழி வன்னி இளைஞனுக்கு எத்தகையது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்தனர். அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதே ஆண்டில் கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு முகாம் வாயிலில் இருந்தனர். அக்கொட்டகையில் தன் தாயோ பேர்த்தியோ அமர்ந்திருக்க, அப்படையின் சீருடை அணிந்தால்தான் முழுநேரமாகப் பந்தாடலாம் என்ற நிலை ஓர் இளைஞனுக்கு வாய்க்குமாயின், அதனை வாய்ப்பு என்று எச்சொல்லகராதி கூறும்? போகிறவனைப் பழிப்பதற்கோ போகாதவனைப் புகழ்வதற்கோ எவருக்கும் உரிமையில்லை. குடியியல் வாழ்வில் வேறொரு வழியைச் சமூகம் அவனுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

போரைக் காரணங் காட்டுவோருக்கும் விடை கூற வேண்டும். போரின் அழிவை மறுப்பவன் வன்னியை அறியாதவன். 1996இல் கிளிநொச்சி நகரமே பெயர்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை வாரிச் சென்றது. பந்தாட்டத்தை உயிராகக் கொண்ட மீனவக் கிராமங்கள் பல அக்கரையிலே இருந்தன. 2009 மே மாதத்தின் பின் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய மக்கள் வவுனியாவின் முட்கம்பி முகாம்களுள் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. இவை யாவும் உண்மை. ஆனால் 2009இல் அம்முகாமிற் பிறந்த குழந்தை 2025இல் பதினாறு வயது எய்திவிட்டது. அக்குழந்தை இப்போது பாடசாலை அணியின் பின்களத்தில் நிற்கின்றது. அதன் பதினாறு ஆண்டுகளுக்கும் போரையே காரணங் காட்டுவோர், அப்போரின் பெயரால் தம் சோம்பலுக்குச் சான்றிதழ் எழுதுகின்றனர். மைதானமின்றி, காலணியின்றி, இடம்பெயர்ந்த இடங்களிலும் பந்து உதைக்கப்பட்டது. ஆட்டத்தின்மேல் உள்ள பற்று வன்னியில் ஒருபோதும் குறைந்ததில்லை. குறைவு அமைப்பில்.

"வசதி இல்லை, ஆட்தொகையும் இல்லை" என்பது அடுத்த வாதம். ஆட்தொகை பற்றிய பகுதிக்கு ஐஸ்லாந்து விடை தரும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களினதும் மக்கட்டொகை ஏறத்தாழ 375,000. ஐஸ்லாந்து 2018இல் உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றபோது அந்நாட்டின் முழு மக்கட்டொகையும் ஏறத்தாழ அவ்வளவே. சற்றுக் குறைவு எனினும் பொருந்தும். அந்நாடு 2016இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தை 2-1 என வென்றது. 2018இல் ஆர்ஜென்ரீனாவை 1-1 எனத் தடுத்து நிறுத்தியது. தடுத்து நிறுத்தியது என்ற சொல் இங்கு முக்கியமானது. அது பின்களத்தின் வெற்றி. ஐஸ்லாந்து செல்வந்த நாடு, கூரையிட்ட மைதானங்கள் கட்டியது, வன்னியோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. பனியும் இருளும் மூடிய நாட்டுக்குக் கூரை வேண்டும், வன்னிக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்நாடு செய்த மற்றொரு காரியம் கூரையைவிடப் பெரிது. ஐரோப்பியச் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற பயிற்றுநரைச் சிறுவர் அணிகளுக்கே கொடுத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பவரும் கற்றுத் தேர்ந்தவராக இருந்தார். இதற்குப் பணத்தைவிட ஒழுங்கே அதிகம் வேண்டும்.

பணமும் வன்னியில் அறவே இல்லை என்று கூறிவிட இயலாது. புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்க் கழகங்களுக்கு அனுப்பும் தொகை எங்குச் செல்கின்றது என்பதை நோக்கினால் போதும். மின்னொளியில் ஓரிரவுச் சுற்றுப்போட்டி, ஆளுயரக் கிண்ணம், பணப்பரிசு, வண்ணச் சீருடை, ஒலிபெருக்கி, நேரடி ஒளிபரப்பு, மேடை நிறையப் பிரமுகர்கள். அடுத்த நாட் காலையில் மைதானத்தில் எஞ்சுவது குப்பை. பணம் கொடுத்தவருக்கு ஒரு படம் வேண்டும். கிண்ணம் படத்துக்கு ஏற்றது. பயிற்றுநர் ஒருவரின் மாதச் சம்பளமோ நடுவர் பயிற்சியோ படத்தில் விழாது. இரசிகரின் மனப்பான்மையே கொடையாளியின் மனப்பான்மையாகவும் வளர்ந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2018இல் நடைபெற்ற வடக்குக் கிழக்குப் பிரீமியர் லீக் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பன்னிரண்டு அணிகள், வன்னியிலிருந்து கிளியூர் கிங்சும் முல்லை பீனிக்சும் வவுனியா வொரியர்சும். மக்கள் திரண்டனர். வன்னி இளைஞர் தம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கி, ஊதியம் பெற்று, பதினொருவர் ஆட்டம் ஆடக்கூடும் என்பது கண்முன்னே மெய்ப்பிக்கப்பட்டது. அம்முயற்சியை இகழ்வது நன்றியின்மையாகும். ஆனால் அது கோபுரத்தின் கலசத்திலிருந்து கட்டத் தொடங்கிய கோயில். கீழே பதினான்கு, பதினாறு, பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கான லீக்குகள் இல்லாதவிடத்து மேலே ஒரு பெரிய லீக் எத்தனை பருவம் நிற்கும்? நிற்கவில்லை. இரசிகர்கள் அதைப் பற்றிச் சில மாதம் பேசினர். பின்னர் ஐரோப்பியக் கழகங்களின் விவாதத்துக்குத் திரும்பினர்.

தேசிய மட்டத்திலும் இதே குறுக்குவழி தெரிகின்றது. அண்மை ஆண்டுகளில் இலங்கை தேசிய அணி, வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வழியினரைத் தேடி அழைத்து வருகின்றது. சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ் இளைஞரும் அவருள் அடங்குவர். அணி முன்னேறியது, 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்றது. வந்தவர் எவரும் வரத்தகாதவர் அல்லர். ஆனால் அயல்நாட்டு ஏணிகளில் ஏறியவரை இறக்குமதி செய்வது, உள்நாட்டில் ஏணி செய்யும் பொறுப்பிலிருந்து சம்மேளனத்தை விடுவித்துவிடுகின்றது. அதற்கும் வன்னி இரசிகர்கள் கைதட்டுகின்றனர். வீட்டு முற்றத்துப் பிள்ளைக்கு உரிய இடத்தின் பேரில் அந்தக் கைதட்டல் நிகழ்கின்றது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லப் புகின் இக்கட்டுரை வேறொன்றாகிவிடும். ஆண்பிள்ளைக்கு இல்லாத ஏணியில் அவர்களுக்கு இரண்டு படி மேலும் குறைவு என்று மட்டும் குறித்தல் அமையும்.

கற்றோர் இதில் குற்றமற்றவர் அல்லர். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டிடத்தும் மைதானம் உண்டு, மாணவர் உண்டு, விடுமுறை உண்டு. ஆனால் வன்னியில் எத்தனை கழகங்கள் உள்ளன, ஆண்டுக்கு எத்தனை பதினொருவர் ஆட்டங்கள் ஆடப்படுகின்றன, சாதாரண தரப் பரீட்சையோடு எத்தனை பிள்ளைகள் ஆட்டத்தை விடுகின்றனர் என்பவற்றை ஒழுங்காகத் திரட்டும் பணியைப் பல்கலைக்கழகங்கள் தம் பணியாக ஏற்கவில்லை. தேநீர்க் கடை இரசிகனுக்கு இல்லாத வசதி விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் உண்டு. கடையிலோ விடுதியிலோ அவர்கள் ஆடும் விவாதமோ அதே விவாதம்தான்.

செய்யவேண்டியது மலையைப் பெயர்ப்பதன்று. ஏ-9 வீதியும் பரந்தன்-முல்லைத்தீவு வீதியும் மூன்று மாவட்டங்களையும் இணைக்கின்றன. காலையிற் புறப்படும் பேருந்து ஆடிமுடித்த பிள்ளைகளை மாலைக்குள் வீடு சேர்த்துவிடும். மூன்று மாவட்ட லீக்குகளும் ஒன்றுகூடி, மாவட்டத்துக்கு நான்கு அணிகள் என்று எடுத்து, பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கான பதினொருவர் லீக் ஒன்றை ஓராண்டு நடத்தினால் அணிக்கு 22 ஆட்டங்கள் கிடைக்கும். ஆளுயரக் கிண்ணங்கள் சிலவற்றின் செலவைத் திரட்டினால் பேருந்துக் கூலிக்கும் நடுவர் படிக்கும் ஒரு பகுதியேனும் கைக்கு வரும். நடுவர்களாகவும் பதிவாளர்களாகவும் இருக்கப் பல்கலைக்கழக மாணவர் போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் எங்கே நின்றான், எந்தக் கோலை எவன் தடுத்தான் என்று எழுதி வைக்க ஒரு கொப்பி வேண்டும். அக்கொப்பியின் முதற்பக்கத்தில், முன்கள வீரனின் கோல்களுக்கு எதிரே, பின்கள வீரனுக்கும் ஒரு நிரல் கீறப்பட வேண்டும்.